விரல் பலகை செய்யலாம் வாங்க: 10 மில்லிமீட்டர் தப்பினால் ஆள் தரையில்!

[திரையில்: முழங்கையிலிருந்து விரல் நுனிவரை ஒரு கை, நெருக்கக் காட்சி]

வீடியோவைப் பார்த்துக்கொண்டே ஒரு வேலை செய்யுங்கள். இடது கையால் உங்கள் வலது முன்கையை, முழங்கைக்குச் சற்றுக் கீழே இறுக்கிப் பிடியுங்கள். இப்போது வலது கை விரல்களை மட்டும் மடக்கி நீட்டுங்கள். உள்ளே ஏதோ நெளிகிறதா? விரலை மடக்கும் பெரிய தசைகள் குடியிருப்பது அங்கேதான். விரலுக்குள் அப்படி ஒரு தசையும் கிடையாது. இது பொம்மலாட்டம்தான்: பொம்மை விரலில், ஆட்டுகிறவர் முன்கையில், நடுவில் ஓடும் நூல்தான் தசைநாண்.

அந்த நூல் எலும்பை விட்டு விலகாமல் பிடித்துக்கொள்ளச் சின்னச் சின்ன வளையங்கள் இருக்கின்றன. பாறை ஏறுபவர்கள் அதிகம் பயப்படுவது ஏ2 என்ற வளையத்துக்கு. விரலின் அடிப்பகுதியில் இருக்கும். அது அறும்போது சில சமயம் 'டப்' என்று சத்தமே கேட்கும். அதனால்தான் பாறையில் கை வைப்பதற்கு முன்னால் விரலைச் சூடாக்க, கயிற்றில் மாட்டி விரலால் தொங்கும் ஒரு குட்டிப் பலகை பையில் இருப்பது நல்லது.

வரலாறு ஒரே மூச்சில்: ஜெர்மனியின் பாறை ஏறும் வீரர் வொல்ஃப்காங் குல்லிச் மரச்சட்டங்களை ஏணி மாதிரி அடுக்கி விரல்களைப் பழக்கினார், 1991இல் 'அக்சியோன் திரெக்ட்' என்ற மிகக் கடினமான பாறைப் பாதையை ஏறி முடித்தார். முடிந்தது. வாங்க, மரத்துக்கு.

[திரையில்: மூன்று மரச்சட்டங்கள்]

பீச், மேப்பிள் மாதிரி கெட்டி மரம். மூன்று சட்டங்கள், எல்லாம் 40 செ.மீ. நீளம். மேலும் கீழும் வருபவை 40 மி.மீ. அகலம், 25 மி.மீ. தடிமன். நடுவில் வருவதற்கு 20 மி.மீ. அகலம், 30 மி.மீ. உயரம். மர ரேகை நீளவாக்கில் ஓட வேண்டும். பின்பக்கம் சமமாக வரும்படி பசை போட்டு அடுக்கினால் முன்பக்கம் 20 மி.மீ. ஆழத்தில் ஒரு வாய் திறக்கும். விரல் நுழையும் இடம் அதுதான். 20 மி.மீ. என்பது ஏறுபவர்கள் பலம் பார்க்கப் பரவலாகப் பயன்படுத்தும் அளவு.

சரி, இப்போது கயிற்றுக்குத் துளை. எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இது, ஏனென்றால் நான் இங்கேதான் விழுந்தேன். நிஜமாகவே விழுந்தேன்.

முதல் பலகையில் துளையை அகலத்தின் நட்டநடுவில், முன்விளிம்பிலிருந்து 20 மி.மீ. தள்ளிப் போட்டேன். பார்க்க அம்சமாக இருந்தது. தொங்கினால் பலகை முன்பக்கம் குனிந்து எனக்கு வணக்கம் வைக்கிறது! காரணம் எளிது. விரல் அழுத்துவது நடுவில் இல்லை, முன்விளிம்பிலிருந்து சுமார் 10 மி.மீ. உள்ளே. பலகை கயிற்றில் தொங்கும் தராசு. எடை கயிற்றுக்கு நேர்கீழே வரும்வரை அது சாய்ந்துகொண்டே போகும். துளையின் மேல்வாயிலிருந்து விரல் படும் இடம் வரை உயரம் 55 மி.மீ., விலகல் 10 மி.மீ.; கணக்குப் போட்டால் சாய்வு சுமார் 10 டிகிரி. சாய்ந்தால் விரல் நழுவும். நழுவி விளிம்பிலிருந்து 3 மி.மீ.க்கு வந்துவிட்டால் விலகல் 17 ஆகிவிடும், சாய்வும் 17 டிகிரி. இன்னும் நழுவும். அப்புறம் தரைதான்.

[திரையில்: இரண்டு பலகைகள் பக்கவாட்டிலிருந்து. ஒன்று குனிகிறது, ஒன்று நேராக நிற்கிறது]

ஆகவே துளை முன்விளிம்பிலிருந்து 10 மி.மீ.யில், இரண்டு ஓரங்களிலும். கயிறு மேல்சட்டத்தில் இறங்கி, திறந்த வாயைத் தாண்டி, கீழ்ச்சட்டத்தின் அடியில் ஓடி, மறுபக்கம் ஏறட்டும். இதில் இன்னொரு லாபம்: பசை விட்டுப்போனாலும் கீழ்ச்சட்டத்தைக் கயிறு தாங்கும். 6 மி.மீ. ஆக்சஸரி கார்டு, அதாவது மலையேறுபவர்களின் மெல்லிய துணைக்கயிறு, போதும். ஐரோப்பியத் தரம் அதனிடம் கேட்பது குறைந்தது 7.2 கிலோநியூட்டன், அதாவது 700 கிலோவுக்கு மேல். முடிச்சு அதில் கொஞ்சம் தின்றுவிடும், ஆனாலும் நம்மைத் தாங்க நிறையவே மிச்சம். முனைகளை டபுள் ஃபிஷர்மேன் முடிச்சால் இணையுங்கள். மேலே காரபினரில் (திறந்து மூடும் உலோகக் கொக்கி) சும்மா மாட்டாமல் க்ளோவ் ஹிட்ச் முடிச்சுப் போடுங்கள். இல்லையென்றால் கயிறு வழுக்கி, பலமான கை பக்கம் பலகை இறங்கிவிடும்.

உப்புத்தாள் 80, 120, 220. விளிம்பின் கூர்மையை மட்டும் எடுங்கள். ரொம்ப உருட்டினால் 20 மி.மீ. பேருக்குத்தான் 20. வார்னிஷ் பூசவே பூசாதீர்கள், கை நிற்காது.

எடுத்ததும் முழு எடையில் தொங்க வேண்டாம். கால் தரையில் இருக்கட்டும், அல்லது பலகையைத் தலைகீழாக்கி, கயிற்றில் எடை கட்டித் தூக்குங்கள். தசை சில வாரங்களில் பலம் பெறும்; தசைநாணுக்கு மாதக்கணக்கில் ஆகும். வளரும் வயதுப் பிள்ளைகளுக்கு விரல் எலும்பின் வளர்ச்சிப் பகுதியே அடிபடலாம், அவர்களுக்கு இந்தப் பலகை வேண்டாம்.

செய்து பாருங்கள். உங்கள் பலகை எத்தனை டிகிரி வணக்கம் வைத்தது என்று கமெண்டில் எழுதுங்கள். பூஜ்ஜியம் என்று எழுதுபவர்கள் பக்கவாட்டுப் படமும் அனுப்பணும், சொல்லிட்டேன்.