மூச்சு வாங்கும்போதுதான் முதலுதவி கத்துக்கணும்

எல்லாருக்கும் வணக்கம். வேலைய விட்டுட்டு வந்திருக்கீங்க, அதனால கொஞ்ச நேரம் பேசிட்டு எல்லாரும் கிரவுண்டுக்கு போயிடலாம்.

முதலுதவின்னா ஸ்கூல்ல என்ன இருக்கு? சுவத்துல ஒரு சார்ட், ஆபீஸ் ரூம் பீரோவுல பூட்டி வச்ச ஒரு டப்பா, பரீட்சைல ஒரு அஞ்சு மார்க் கேள்வி. பசங்க அழகா எழுதிடுவாங்க. ஆனா நிஜமா ஒருத்தன் கண்ணு முன்னாடி மயங்கி விழுந்தா கை நடுங்கும், நெஞ்சு படபடன்னு அடிக்கும், வாயில வார்த்தை வராது, அப்போ பெஞ்சுல உக்காந்து மனப்பாடம் பண்ணது எங்கருந்து ஞாபகம் வரும் சொல்லுங்க. அதனால நெஞ்சு படபடக்கும்போதே கத்துக்குடுக்கணும்னு சொல்றேன். ரெண்டு ரவுண்டு ஓடவிட்டு, மூச்சு வாங்க வந்து நிக்குற பிள்ளை கையில ஒரு பொம்மை போனைக் குடுத்து "108க்கு பேசு"ன்னு சொல்லிப் பாருங்க. எந்த இடம், என்ன ஆச்சு, எத்தனை பேருக்கு அடின்னு கேட்டா, "எங்க வீட்டுக்கு எதிர்லதான் சார்"ங்கும். பக்கத்துல என்ன கோயில், என்ன கடைன்னு சொல்ற வரைக்கும் விடாதீங்க.

லாக் அண்ட் கீ எல்லா பசங்களுக்கும் தெரியும், பிடிபட்டவன் அப்படியே நிப்பான், கூட்டாளி வந்து தொட்டு விடுவிப்பான். அதை கொஞ்சம் மாத்திக்கிறோம், அவ்ளோதான். பிடிபட்டவன் நிக்கக்கூடாது, மல்லாக்க படுத்துடணும். விடுவிக்க வர்றவன் சும்மா தொட்டுட்டு ஓட முடியாது, பேர் சொல்லிக் கூப்பிடணும், தோளைத் தட்டணும், நெஞ்சு ஏறி இறங்குதான்னு பாக்கணும், மூச்சு இருந்தா பக்கவாட்டுல ஒருக்களிச்சுப் படுக்க வச்சு தலையை லேசா பின்னாடி சாய்க்கணும், வாந்தி வந்தாலும் மூச்சுக்குழாய்க்குள்ள போகாம வெளிய வழிஞ்சிடும். அப்புறம் பெரியவங்களைக் கத்திக் கூப்பிடணும். அப்பதான் கீ.

எனக்கு ரொம்ப பிடிச்ச ஆட்டம், வேகமா ஓடுறவன் தோக்குற ஆட்டம். கீழ ஒரு கயிறு கிடக்கும், அதுதான் அறுந்து விழுந்த கரண்ட் கம்பி, அது மேல ஒரு பையன் படுத்திருப்பான். "டேய்"னு கத்திட்டு ஓடிப்போய் அவனைத் தொட்டா அவுட். தள்ளி நின்னு மத்தவங்களைத் தடுத்து, பெரியவங்களைக் கூப்பிடுறவனுக்குத்தான் பாயிண்ட். குளத்துக்கும் இதே கதைதான். ஒவ்வொரு கோடை லீவுக்கும் பேப்பர்ல பாக்குறோமே, ஒரு பிள்ளை தண்ணில தத்தளிக்குது, காப்பாத்தப் போன பிள்ளையும் போயிடுது. அன்பு இருந்துச்சு, பழக்கம் இல்ல. அதனால கிரவுண்டுல சுண்ணாம்புல ஒரு குளம் வரைஞ்சு, நடுவுல ஒருத்தரை உக்கார வச்சு, கரையில நின்னு மூடி போட்ட காலி கேன்ல கயிறு கட்டி வீசச் சொல்றோம், இல்லன்னா குப்புறப் படுத்து துப்பட்டாவை நீட்டச் சொல்றோம். கோட்டுக்குள்ள கால் வச்சா அவுட். இந்த ஒண்ணை மட்டும் கத்துக்கிட்டாலே போதும்னு தோணும்.

பாம்புக்கடிக்கு பல்லக்கு ஆட்டம். ரெண்டு பேர் கையைக் கோத்து மூணாவது ஆளைத் தூக்குவாங்களே, அதேதான், ஆனா கடிபட்ட கால்ல ஸ்கேலை வச்சு துணியால அசையாம கட்டியிருக்கணும், கட்டு விரல் நுழையிற அளவு தளர்வா இருக்கணும், காலை ஆட்டுனா திரும்ப முதல்லருந்து. இறுக்கிக் கயிறு கட்டுறது, பிளேடால கீறுறது, வாய் வச்சு உறியிறது எதுவும் கிடையாது, நேரா விஷமுறிவு ஊசி இருக்குற ஆஸ்பத்திரி.

சூடு பட்டா டேப்புக்கு அடியில இருபது நிமிஷம். மூக்குல ரத்தம் வந்தா தலையை முன்னாடி குனிஞ்சு மூக்கோட மெத்துன பகுதியப் பிடிச்சுக்கணும், அண்ணாந்து பாக்கக்கூடாது. இதெல்லாம் சரி தப்பு ஆட்டம், சரின்னா வலது பக்கம் ஓடு, தப்புன்னா இடது பக்கம் ஓடு. நடுவுல "வலிப்பு வந்தா கையில சாவிக்கொத்து குடுக்கணும்"னு விட்டுப் பாருங்க, முக்கால்வாசி கிளாஸும் வலது பக்கம்தான் ஓடும். தப்பு பசங்க மேல இல்ல, நம்ம வீட்ல அப்படித்தான பாத்து வளர்றாங்க. சாவி எந்த வலிப்பையும் நிறுத்தாது. சுத்தி இருக்குறதை நகர்த்தி, தலைக்கு அடியில துணி வச்சு, வாயில எதையும் திணிக்காம, வலிப்பு நின்னதும் ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணும். தீப்புண்ணுக்கு பேஸ்ட் தடவ வர்ற பாட்டியோட கையைப் பிடிச்சு நிறுத்தப் போறதும் இந்தப் பசங்கதான், பாட்டிங்க கோவிச்சுக்காதீங்க.

சிபிஆர், அதாவது இதயம் நின்னு போனவரோட நெஞ்சை அமுக்கி உயிரைக் காப்பாத்தப் பாக்குறது, சின்னப் பிள்ளைங்களுக்கு எதுக்குன்னு கேப்பீங்க. நார்வேல 1961லயே ஸ்கூல்ல கட்டாயமாக்கிட்டாங்க. பன்னெண்டு வயசுலருந்து வருஷத்துக்கு ரெண்டு மணி நேரம் சொல்லிக்குடுங்கன்னு ஒரு அறிக்கை, 2015ல உலக சுகாதார நிறுவனமே அதை ஆதரிச்சுது. நெஞ்சை அந்த ஆழத்துக்கு அமுக்க உடம்புல எடை வேணும், அதனால சின்னவங்க தாளத்தை மட்டும் கத்துக்கட்டும், நிமிஷத்துக்கு 100லருந்து 120, அதாவது செகண்டுக்கு கிட்டத்தட்ட ரெண்டு கைதட்டு. பெரியவங்க தலகாணில அமுக்கிப் பழகட்டும். ஃப்ரெண்டு நெஞ்சுல மட்டும் ஒருத்தரும் கை வைக்கக்கூடாது, தொண்டையில சிக்குனா வயித்தை அமுக்குற டெக்னிக்கையும் ஆள் மேல பழகக்கூடாது, பொம்மை மேலதான். இதுல மட்டும் நான் ஸ்ட்ரிக்ட்.

சரி, கயிறும் கேனும் ரெடியா இருக்கு. சேலை கட்டிட்டு வந்தோமேன்னு யாரும் பின்வாங்காதீங்க, கேன் வீசுறதுக்கு ஓட வேண்டியதில்ல. அப்பாங்க எல்லாரும் குளத்துக்கு நடுவுல வந்து உக்காருங்க.