நான்கு திருகுகள்

நேயர்களுக்கு வணக்கம். எலெக்ட்ரிக் கிட்டாரின் பழைய மாடல்களுள், ரேடியோ பழுதுபார்க்கும் ஒருவரின் பட்டறையில் உருவான டெலிகாஸ்டர் மாடலைப் பற்றியே இன்று மிகுதியாகப் பேசப்போகிறேன். மற்ற மாடல்களின் அன்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கல்யாண மண்டபத்தில் மைக்கை ஒலிபெருக்கிக்கு அருகே கொண்டுபோனால் அது கீச்சென்று வீறிடுவதை நீங்கள் அனைவரும் கேட்டிருப்பீர்கள். கம்பியின் அதிர்வை மின் சமிக்ஞையாக மாற்றும் ‘பிக்அப்’ பொருத்திய பழைய கிட்டார்களுக்கும் இதே தொல்லை இருந்தது. 1936இல் கிப்ஸன் நிறுவனம் வெளியிட்ட இ.எஸ்.-150, உள்ளீடற்ற, கூடு போன்ற உடல் கொண்ட கிட்டார். ஒலியைக் கூட்டினால், ஒலிபெருக்கியின் அதிர்வைக் கூடு வாங்கி மீண்டும் பிக்அப்புக்கே அனுப்பிவிடும். கூடு இல்லாமல் கனமான மரப்பலகையில் கிட்டார் செய்தால் இது பெரிதும் குறையும் என்பதைப் பலர் உணர்ந்திருந்தார்கள். அதைத் தொழிற்சாலையில் எளிதாகச் செய்துகாட்டியவர், கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டனில் ரேடியோ கடை நடத்திய லியோ ஃபெண்டர். அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

வழக்கமாகக் கிட்டாரின் கழுத்தை உடலோடு பசையிட்டு ஒட்டுவார்கள். அவரோ நான்கு திருகுகளால் முடுக்கினார். கழுத்து கெட்டால் கழற்றி வேறொன்றைப் பொருத்திக்கொள்ளலாம். நான்கே திருகுகள், நேயர்களே. அந்த மாடலின் பெருமையில் பாதி அவற்றில்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

1950இல் இரண்டு பிக்அப்புகளோடு வந்த அக்கிட்டாருக்கு ‘பிராட்காஸ்டர்’ என்று பெயரிட்டார்கள். அதே ஒலிப்புடைய பெயரில் டிரம்கள் விற்றுவந்த கிரெட்ச் நிறுவனம் 1951 பிப்ரவரியில் ஆட்சேபித்தது. ஃபெண்டர் தரப்பு இணங்கியது. ஆனால் அச்சடித்த பெயர்ச்சீட்டுகள் கையிருப்பில் இருந்தனவே! அவற்றை வீணாக்க மனம் வரவில்லை போலும். மாடலின் பெயர் இருந்த பகுதியைக் கத்தரித்துவிட்டு, ‘ஃபெண்டர்’ என்பதை மட்டும் ஒட்டி அனுப்பினார்கள். தொலைக்காட்சி பரவிவந்த காலம் அது. அவ்வாண்டிலேயே ‘டெலிகாஸ்டர்’ என்ற பெயர் சூட்டப்பட்டு, இன்றுவரை நிலைத்திருக்கிறது. இடையில் பெயரின்றி வெளிவந்தவற்றைச் சேகரிப்பாளர்கள் ‘நோகாஸ்டர்’ என்கிறார்கள். பெயர் இல்லாத அந்தச் சீட்டுக்காகவே போட்டி போடுகிறார்கள்.

பாகங்களை மாற்றிக்கொள்வதற்கென்றே படைக்கப்பட்ட இக்கிட்டாரில் இன்று எதையும் மாற்றியிருக்கக் கூடாது என்பதுதான் வேடிக்கை. வாங்க வருபவர் கழுத்தைக் கழற்றி அதன் அடியில் பென்சிலால் எழுதிய தேதியைத் தேடுகிறார். உள்ளே ஈயப்பற்று கலைந்திருக்கிறதா என்றுகூடப் பார்க்கிறார். ஒரு பிக்அப் மாறியிருந்தாலும் விலை இறங்கிவிடுகிறது. இந்தச் சோதனைக்கு வழிவிடுவனவும் அதே நான்கு திருகுகள்தாம்.

கண்ணாடிக்கு அப்பால் நிகழ்ச்சிப் பொறுப்பாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். ஆகவே கிப்ஸனின் லெஸ் பால் மாடலைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1952இல் பொன்னிறத்தில் வந்த அதற்கு, 1957இல் சேத் லவர் வடிவமைத்த, இரைச்சலை அடக்கும் இரட்டைச் சுருள் பிக்அப் கிடைத்தது. 1958 முதல் 1960 வரை நடுவில் வெளிறி ஓரத்தில் கருமை கூடும் ‘சன்பர்ஸ்ட்’ வண்ணத்தில் வந்தும் விற்பனை மந்தமாகவே இருந்ததால் அவ்வடிவத்தைக் கைவிட்டார்கள். பிரிட்டனின் ப்ளூஸ் இசைக் கலைஞர்கள் அதைத் தேடிப் பிடித்த பிறகு, 1968இல் மீண்டும் தயாரித்தார்கள். ஃபெண்டரின் 1954ஆம் ஆண்டு மாடலான ஸ்ட்ராட்டோகாஸ்டருக்கு இன்று இடமில்லாமல் போயிற்று. வணக்கம்.