உள்ளங்காலில் கறுப்புப் புள்ளி: கத்தி பட்டால் பரவுமா?

வணக்கம். இன்றைக்கு சந்தேகங்களுக்கு விளக்கம் பகுதியில் தென்காசிப் பக்கத்திலிருந்து ஒரு அன்பர் அனுப்பிய கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். அவர் கேட்டிருப்பது இது: "அம்மாவுக்கு 58 வயது. சர்க்கரை இருக்கிறது. வலது உள்ளங்காலில் குதிகாலுக்குச் சற்று முன்னால் ஒரு கறுப்புப் புள்ளி. இரண்டு வருடம் முன்பு மிளகு அளவில் இருந்தது, இப்போது சட்டைப் பொத்தான் அளவு. வலி இல்லை. தோல் டாக்டர் பயாப்ஸி செய்யச் சொல்கிறார். கத்தி வைத்தால் பரவிவிடும் என்று சொந்தக்காரர்கள் தடுக்கிறார்கள். நம் மாதிரி கறுப்பாக இருப்பவர்களுக்குத் தோல் புற்றுநோய் வருமா? வந்தால் காலை எடுத்துவிடுவார்களா? சர்க்கரைக்காரருக்குப் புண் ஆறுமா?"

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன், பாதியில் எழுந்து போகிறவர்களும் இருப்பீர்கள். பயாப்ஸிக்கு, அதாவது சந்தேகமான சதையை வெட்டி எடுத்து லேபில் சோதிப்பதற்கு, அழைத்துப் போங்கள். இந்த வாரமே. நேரில் பார்க்காமல் அது புற்றுநோய்தான் என்றோ இல்லை என்றோ நான் சொல்ல முடியாது. ஆனால் 50 வயதைத் தாண்டியவருக்கு உள்ளங்காலில் புதிதாக வந்து வளர்ந்துகொண்டே போகும் கறுப்புப் புள்ளியை எந்தத் தோல் மருத்துவரும் சும்மா விடமாட்டார்.

நமக்கு வருமா என்றால், வரும். குறைவாக வரும், அவ்வளவுதான். தோலில் இருக்கும் மெலனின் என்ற நிறமி வெயிலின் புற ஊதாக் கதிர்களைப் பெருமளவு தடுத்துவிடுகிறது. அந்தப் பாதுகாப்பு இல்லாத வெள்ளைத் தோல்காரர்கள் நிறைந்த ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும்தான் தோல் புற்றுநோய் உலகிலேயே அதிகம். இணையத்தில் கிடைக்கும் படங்களும் அறிவுரைகளும் பெரும்பாலும் அவர்களை வைத்து எழுதியவை. முதுகைப் பார், முகத்தைப் பார், சன்ஸ்கிரீன் போடு என்று இருக்கும். நம் ஆட்களுக்கு இந்த நோய் வெயில் படாத இடத்தில்தான் அடிக்கடி ஒளிந்திருக்கிறது. உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடி, பழைய தழும்பு, இடுப்பு. இந்த இடங்களை யாரும் பார்ப்பதில்லை. டாக்டரிடம் போனால்கூடச் செருப்பைக் கழற்றிக் காட்டுவதில்லை.

பாடகர் பாப் மார்லியைப் பலருக்கும் தெரிந்திருக்கும். அவருக்கு 1977-இல் கால் கட்டைவிரலில் வந்தது. கால்பந்து விளையாடியதில் பட்ட அடி என்றுதான் முதலில் நினைத்தார்கள். பரிசோதித்தால் மெலனோமா, அதாவது மெலனினை உண்டாக்கும் செல்களிலிருந்தே கிளம்பும் புற்றுநோய். விரலை எடுக்கச் சொன்னதற்கு அவர் சம்மதிக்கவில்லை. மூளை, நுரையீரல் வரை பரவி 1981 மே மாதம் இறந்தார், வயது 36. உங்கள் அம்மாவுக்கு டாக்டர் சந்தேகப்படுவது இந்த வகையைத்தான் என்று நினைக்கிறேன். உள்ளங்காலிலும் விரலிலும் வரும் இந்த மெலனோமாவுக்கும் வெயிலுக்கும் பெரிதாகச் சம்பந்தமில்லை.

தோல் புற்றுநோய் எல்லாமே இவ்வளவு மோசம் என்று பயந்துவிட வேண்டாம். மூக்கோரம், கண்ணிமை ஓரம் என்று முத்து மாதிரி பளபளப்பாக ஒரு சின்ன முடிச்சு வரும். நடுவில் பொருக்குத் தட்டும், ரத்தம் கசியும், ஆறின மாதிரி இருந்து மறுபடி வரும். அது பேசல் செல் வகை. வேறு உறுப்புக்குப் பரவுவது அபூர்வம், ஆனால் விட்டுவைத்தால் அந்த இடத்தையே அரித்துக்கொண்டு போகும். முழுசாக வெட்டி எடுத்தால் பெரும்பாலும் தீர்ந்தது.

தோல் புற்றுநோயில் இன்னொன்றான ஸ்குவாமஸ் செல் வகையைப் பற்றிக் கொஞ்சம் அதிகம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நம் வீட்டுப் பழக்கங்களோடு வருவது. எப்போதோ சின்ன வயதில் தீக்காயம் பட்ட தழும்பு, பல வருடமாக ஆறாத கால் புண், இவற்றில் இது முளைக்கும். காஷ்மீரில் குளிருக்குக் கணப்புச் சட்டியை உடையின் உள்ளே வைத்துக்கொள்வார்கள், அதன் சூட்டில் வயிற்றிலும் தொடையிலும் வரும். பாவாடை நாடாவையோ வேட்டியையோ ஒரே இடத்தில் இறுக்கிக் கட்டிக் கட்டி இடுப்பில் கறுத்துத் தடித்த கோடு விழும் இல்லையா? அந்தக் கோட்டில் வருடக்கணக்கில் ஆறாத புண் இருந்தால் அதிலும் வரலாம். மும்பை டாடா நினைவு மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் கானோல்கர் வேட்டி கட்டுகிறவர்களுக்கு வரும் இந்தப் புற்றுநோயை 1945-லேயே எழுதிவைத்திருக்கிறார். இடுப்பில் கோடு இருக்கும் எல்லோருக்கும் புற்றுநோய் என்று நாளைக்கு யாரும் வாட்ஸ்அப்பில் போட்டுவிடாதீர்கள். மிக அரிது. கோடு பயமில்லை, ஆறாத புண்தான் கவலை. நாடாவைத் தளர்த்தி, கட்டும் இடத்தை மாற்றிக் கட்டினாலே போதும்.

சரி, உள்ளங்காலுக்கு வருவோம். உங்கள் காலைத் தூக்கி வெளிச்சத்தில் கிட்டத்தில் பாருங்கள். கைரேகை போலவே வரி வரியாக மேடும் பள்ளமும் ஓடும். டாக்டர் டெர்மோஸ்கோப் என்ற விளக்கு வைத்த சின்ன லென்ஸை அங்கே வைத்துப் பார்ப்பார். மேட்டு வரியின் மேல் வியர்வைத் துளைகள் வெள்ளைப் புள்ளிகளாக வரிசையாகத் தெரியும். சாதாரண மச்சம் என்றால் கறுப்பு நிறம் பெரும்பாலும் பள்ளத்தில் மெல்லிய கோடாக இருக்கும், அந்த வெள்ளைப் புள்ளிகள் கோட்டுக்கு வெளியே நிற்கும். நிறம் மேட்டின் மேல் பட்டையாக ஏறி, வெள்ளைப் புள்ளிகள் அந்தப் பட்டைக்குள்ளேயே வந்துவிட்டால் அங்கே சந்தேகம் வலுக்கிறது.

நகத்துக்கும் ஒரு வார்த்தை. அடிபட்டுக் கட்டிய ரத்தம், நகம் வளர வளர முன்னால் நகர்ந்து போய்விடும். கால் கட்டைவிரல் என்றால் முழுசாகப் போக ஒரு வருடத்துக்கு மேல்கூட ஆகும். நகராமல் நிற்கிற, அகலமாகிக்கொண்டே போகிற ஒற்றைக் கறுப்புக் கோடு, அதுவும் நகத்தைத் தாண்டிப் பக்கத்துத் தோலில் கறுப்பு இறங்கியிருந்தால் உடனே காட்ட வேண்டும். காட்ட வரும்போது தயவுசெய்து மருதாணியும் நெயில் பாலிஷும் வேண்டாம்.

இப்போது உங்கள் சொந்தக்காரர்கள் சொல்வது. கத்தி பட்டுப் பரவுவதில்லை. பயாப்ஸி செய்ததால் மெலனோமா பரவி ஆயுள் குறைந்தது என்று ஆய்வுகளில் நிரூபணமாகவில்லை. பிறகு ஏன் ஊரில் இப்படிப் பேச்சு? பல பேர் முற்றிய பிறகுதான் வருகிறார்கள். அறுவை சிகிச்சைக்கு முன்பே கண்ணுக்குத் தெரியாமல் பரவியிருக்கும், அது ஆறு மாதம் கழித்துத் தலைகாட்டும். பழி கத்தி மேல் விழும். கால் ஆணி என்று பிளேடால் சீவுவது, எருக்கம்பால் வைப்பது, எங்கேயோ போய் லேசரில் சுட்டுக்கொள்வது, இவைதான் எனக்குப் பயம். சுட்டுவிட்டால் பரிசோதிக்கச் சதையே மிஞ்சாது. என்ன நோய், எவ்வளவு ஆழம் என்பது அதோடு போயிற்று. மச்சமோ மருவோ, சந்தேகத்தின் பேரில் எதை எடுத்தாலும் சதையைச் சோதிக்கும் பாத்தாலஜி லேபுக்கு அனுப்பினார்களா என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

பயாப்ஸி பெரிய விஷயமில்லை. மரத்துப்போக ஊசி போடுவார்கள், உள்ளங்காலில் அந்த ஊசிதான் வலிக்கும். புள்ளி சின்னதாக இருந்தால் முழுவதையும், பெரிதாக இருந்தால் அதில் மோசமாகத் தெரியும் பகுதியையும் எடுப்பார்கள். தொடை இடுக்கில் நெறி கட்டியிருக்கிறதா என்றும் தடவிப் பார்ப்பார்கள். மெலனோமா என்று ரிப்போர்ட் வந்தால் அதில் பிரெஸ்லோ தடிமன் என்று மில்லிமீட்டரில் ஒரு எண் இருக்கும். கட்டி தோலுக்குள் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்ற கணக்கு அது. சிகிச்சை முழுவதும் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கும். 1 மில்லிமீட்டருக்குள் என்றால் சுற்றிலும் 1 சென்டிமீட்டர் நல்ல தோலையும் சேர்த்து வெட்டி எடுப்பார்கள். 2 மில்லிமீட்டரைத் தாண்டினால் 2 சென்டிமீட்டர். 1 மில்லிமீட்டரை மிஞ்சினால் தொடை இடுக்கில் நோய் முதலில் போய்ச் சேரக்கூடிய நெறியைச் சாயம் செலுத்திக் கண்டுபிடித்து அதையும் எடுத்துச் சோதிப்பது வழக்கம். காலையே எடுப்பது இன்றைக்கு அரிது. விரல் நுனியில், நகத்தடியில் ஆழமாக வந்தால் விரலின் ஒரு பகுதி போகலாம்.

பரவியிருந்தால்? 2011 வரைக்கும் சொல்லிக்கொள்ளும்படி மருந்து கிடையாது. அதன் பிறகு நம் உடலின் எதிர்ப்புச் சக்தியையே தூண்டிவிடும் இம்யூனோதெரபி வந்தது. அதற்கு அடித்தளம் போட்ட விஞ்ஞானிகள் ஆலிசனுக்கும் ஹோன்ஜோவுக்கும் 2018-இல் நோபல் பரிசு கிடைத்தது. முன்னாள் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டருக்கு 90 வயதில் மூளை வரை மெலனோமா பரவியிருந்தது, இந்த மருந்தும் கதிர்வீச்சும் எடுத்துக்கொண்டு 100 வயது வரை இருந்தார். எல்லோருக்கும் அப்படி அமையாது. உள்ளங்கால் வகையில் இந்த மருந்து அவ்வளவு நன்றாக வேலை செய்வதில்லை, விலையும் லட்சங்களில் போகிறது. அதனால்தான் பொத்தான் அளவில் இருக்கும்போதே போங்கள் என்கிறேன்.

எங்கே போவது? அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் பிரிவில் ஓ.பி. சீட்டு வாங்கினால் போதும், பயாப்ஸி அங்கேயே செய்வார்கள். ரேஷன் கார்டு, ஆதாரோடு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் எடுத்துப் போங்கள், இல்லையென்றால் இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள்.

கடைசியாக, புண் ஆறுமா என்றீர்கள். ஆறும், ஆனால் சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும். மூன்று மாதச் சராசரியான ஹெச்.பி.ஏ.1.சி. பார்த்துவிட்டுப் போங்கள். பயாப்ஸியைச் சர்க்கரைக்காகத் தள்ளிப்போட வேண்டாம், பெரிய அறுவை சிகிச்சைக்கு முன் இன்சுலின் கொடுத்துக் குறைத்துக்கொள்வார்கள். வெட்டிய இடத்தை மூடத் தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்ட வேண்டி வரலாம். ஒட்டிய தோல் பிடிக்கும் வரை சில வாரம் அந்தக் காலை ஊன்றக் கூடாது, வயலுக்குப் போகக் கூடாது. உங்கள் அம்மாவிடம் இதைத்தான் பலமுறை சொல்ல வேண்டியிருக்கும். அப்புறம் சர்க்கரைக்காரர்களுக்கென்றே வரும் எம்.சி.ஆர். செருப்பு ஒரு ஜோடி வாங்கிக் கொடுங்கள், வீட்டுக்குள்ளும் அதைப் போட்டுத்தான் நடக்க வேண்டும்.