கறுப்புப் பூஞ்சையை வரைந்தவர், கடலில் காணாமல் போனவர்

வணக்கம் நேயர்களே. சுவரில் ஒரு கறுப்புப் பூஞ்சை படர்ந்ததற்காக வீட்டையே காலி செய்து, நீதிமன்றம் வரை சென்றவர்கள் அமெரிக்காவில் உண்டு. அந்தப் பூஞ்சையின் பேரினத்துக்கு 1837இல் ஸ்டாக்கிபோட்ரிஸ் என்று பெயரிட்டவர் ஆகஸ்ட் கார்ல் யோசப் கோர்டா.

வாழ்க்கைக் குறிப்பை வேகமாகக் கடந்துவிடுவோம்: 1809இல், இன்று செக் குடியரசில் உள்ள லிபரெட்ஸ் நகரில் பிறந்தார், மருத்துவம் பயின்றார், பிராக் தேசிய அருங்காட்சியகத்தில் காப்பாளராகப் பணியாற்றினார். இடையில், 1835இல், நிலக்கரிக் காலத்துத் தேள் புதைபடிவம் ஒன்றையும் விவரித்தார். பூஞ்சை ஆய்வாளருக்குத் தேளிடம் என்ன வேலை என்று கேட்காதீர்கள்; அக்கால இயற்கையியலாளர்கள் அப்படித்தான்.

இனி அந்தப் பூஞ்சைக்கு வருவோம். பிராக் நகரத்து வீடொன்றின் சுவரில் ஒட்டியிருந்த வால்பேப்பரிலிருந்துதான் கோர்டாவுக்கு அது கிடைத்தது. தாளில் செல்லுலோஸ் மிகுதி, நைட்ரஜன் சத்து மிகக் குறைவு. பல பூஞ்சைகள் திணறும் அந்தச் சாப்பாட்டில், ஈரம் மட்டும் விடாமல் கிடைத்தால், இது செழித்து வளரும். அதன் ஸ்போர்கள், அதாவது விதைபோல் பரவிப் புதிதாக முளைக்கும் நுண்துகள்கள், பிசுபிசுப்பான திரளாக ஒட்டியிருப்பதால் ஈரத்தில் எளிதில் பறப்பதில்லை. காய்ந்த பிறகு சுரண்டினால்தான் காற்றில் கலக்கின்றன. ஆகவே, காய்ந்த பூஞ்சையைத் துடைப்பத்தால் தட்டுவது, என் கருத்தில், மிக மோசமான யோசனை.

1930களில் சோவியத் உக்ரைனில் இப்பூஞ்சை பிடித்த வைக்கோலைத் தின்ற குதிரைகள் பெருமளவில் மாண்டன. ஆனால் 1990களில் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் குழந்தைகளுக்கு ஏற்பட்ட நுரையீரல் இரத்தக்கசிவுக்கு இதுவே காரணம் என்று எழுந்த பேச்சு, பின்னர் நடந்த மறு ஆய்வில் நிரூபிக்கப்படவில்லை. 2021இல் கொரோனாவோடு இந்தியாவை உலுக்கிய ‘கருப்புப் பூஞ்சை’ நோய் முற்றிலும் வேறு பூஞ்சைகளால் வருவது. இரண்டையும் குழப்பிக் கருத்துப் பெட்டியில் சண்டையிட வேண்டாம்.

கோர்டாவின் பெரும்பணி, 1837 முதல் வெளிவந்த ‘இகோனெஸ் ஃபங்கோரம்’ என்னும் படத்தொகுப்பு. நுண்ணோக்கியில் கண்டதைக் கையால் வரைந்தே பதிவு செய்ய வேண்டியிருந்த காலத்தில், ஒவ்வொரு ஸ்போரின் வடிவத்தையும் அவர் காட்டிய நுணுக்கம் எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

தாவரங்களைச் சேகரிக்க அவர் டெக்சாஸ் சென்றார். 1849இல் திரும்பும் வழியில், அவர் ஏறிய கப்பல் அட்லாண்டிக்கில் மறைந்தது. சேகரித்தவையும் அவரோடு போயின. ‘இகோனெஸ் ஃபங்கோரம்’ படத்தொகுப்பில் எஞ்சியிருந்த ஆறாம் தொகுதியை 1854இல் சோபெல் என்பவர் வெளியிட்டார். அந்தத் தொகுதிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன; எந்தப் படம் உங்களைக் கவர்ந்தது என்று கீழே எழுதுங்கள்.