கன்ஸ்மோக்: எந்தக் காலம் நல்ல காலம்?

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவின் பழைய கௌபாய் தொடர்களை இன்றும் விடாமல் பார்க்கிற ஒரு கூட்டம் இருக்கிறது. அந்தக் கூட்டத்துக்குள் தீராத வழக்கு ஒன்று. 'கன்ஸ்மோக்' தொடரில் எந்தக் காலம் நல்ல காலம்?

சிபிஎஸ் தொலைக்காட்சியில் 1955 செப்டம்பரில் தொடங்கி 1975 மார்ச் வரை ஓடிய தொடர் அது. மொத்தம் 635 பகுதிகள். முதல் ஆறு பருவங்கள் அரை மணி நேரக் கறுப்பு வெள்ளை, 233 பகுதிகள். 1961இல் ஒரு மணி நேரமாக நீண்டது. அப்போதும் கறுப்பு வெள்ளைதான், 176 பகுதிகள். 1966இல் வண்ணத்துக்கு மாறி இன்னும் 226 பகுதிகள். மூன்றுக்கும் தனித்தனிக் கட்சி உண்டு. நான் அரை மணி நேரக் கட்சி. அதற்கு என் பக்க நியாயத்தை வானொலியில் சொல்வதுதான் முறை. ஏனென்றால் அந்தத் தொடர் பிறந்த வீடே வானொலி.

1952 ஏப்ரலில் சிபிஎஸ் வானொலி 'கன்ஸ்மோக்'கை ஒலிபரப்பத் தொடங்கியது. தயாரிப்பாளர் நார்மன் மெக்டானல், முதன்மை எழுத்தாளர் ஜான் மெஸ்டன். அதுவரை கௌபாய் என்றால் 'லோன் ரேஞ்சர்' மாதிரி சிறுவர்களுக்கான வீரக்கதை. இவர்கள் இருவரும் பெரியவர்களுக்கு எழுதினார்கள். கான்சாஸ் மாநிலத்து டாட்ஜ் சிட்டியில் சட்டம் காக்கும் மார்ஷல் மாட் டில்லன், சில வாரம் தோற்றுப்போவார். காப்பாற்ற வேண்டியவனைக் காப்பாற்ற முடியாமல் நிற்பார். வானொலியில் அவருக்குக் குரல் கொடுத்த வில்லியம் கான்ராட் கட்டை குட்டையான பருத்த மனிதர். படக்கருவி முன்னால் அந்த உடம்பு எடுபடாது என்று, ஆறடி ஏழு அங்குல ஜேம்ஸ் ஆர்னஸைக் கொண்டுவந்தார்கள். நடிகர்களைத்தான் மாற்றினார்களே ஒழிய கதைகளை மாற்றவில்லை. தொடக்கப் பருவங்களில் வந்தவற்றில் பல, மெஸ்டன் வானொலிக்கு எழுதியவை. வானொலி நாடகமும் 1961 ஜூன் வரை நிற்கவில்லை. கிட்டத்தட்ட ஆறு வருடம் ஒரே ஊர் இரண்டு பெட்டிகளில் நடந்துகொண்டிருந்தது.

இது படத்தில் எங்கே தெரிகிறது? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அரை மணி நேரத்தில் விளம்பரம் போக மிஞ்சுவது சுமார் 26 நிமிடம். அதற்குள் ஒரு ஆள் ஊருக்குள் வர வேண்டும், பகை தெரிய வேண்டும், முடிய வேண்டும். குதிரைகள் மலைச்சரிவில் ஓடுவதை ரசித்துக் காட்ட நேரமில்லை. பேச்சுத்தான் வேலை செய்யும். 'உன் சகோதரன் எங்கே?' என்று ஒருவன் கேட்க, மற்றவன் பதில் சொல்லாமல் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தால் போதும், என்ன நடந்திருக்கும் என்று நமக்குத் தெரிந்துவிடும். முதல் பருவங்களில் கதை தொடங்கும்போது டில்லன் பூட் ஹில் இடுகாட்டில் கல்லறைகளுக்கு நடுவே நடப்பார், மனசுக்குள் பேசும் குரல் மட்டும் கேட்கும். அது முழுக்க முழுக்க வானொலி உத்தி.

தொலைக்காட்சியில் வந்த முதல் பகுதியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜான் வெய்ன் திரையில் தோன்றி அறிமுகம் செய்துவைத்த பகுதி. டான் கிராட் என்றொரு கொலைகாரன். துப்பாக்கி உருவுவதில் டில்லனைவிட வேகக்காரன். டில்லன் நெருங்கிப் போகிறார், சுடப்பட்டு விழுகிறார். நாயகன் முதல் வாரத்திலேயே வீழ்கிறான்! குணமாகிப் படுக்கையிலிருந்து எழும்போதுதான் அவருக்கு ஒன்று பிடிபடுகிறது. கிராட்டுக்கு வேகம் உண்டு, தூரத்தில் குறி கிடையாது. அதனால்தான் எல்லோரையும் பக்கத்தில் வரவிட்டுச் சுடுகிறான். அடுத்த முறை டில்லன் தூரத்திலேயே நின்றுவிடுகிறார். வேகத்தை யோசனை வென்றது என்று யாரும் வசனம் பேசுவதில்லை. நாமே புரிந்துகொள்கிறோம்.

ஒரு மணி நேரமானபோது என்ன ஆயிற்று? ஐம்பது நிமிடத்துக்குக் கதை வேண்டும். கிளைக்கதை சேர்ந்தது, பயணம் சேர்ந்தது. வாராவாரம் வரும் விருந்தினர் நடிகரைச் சுற்றிக் கதை கட்டுவது கூடிக்கொண்டே போய், வண்ணக் காலத்தில் டில்லன் தலையை மட்டும் காட்டிவிட்டுப் போகிற பகுதிகள் நிறைய. அந்தக் கட்சிக்காரர்கள் இதையே பலம் என்பார்கள்: மனிதர்கள் விரிகிறார்கள், ஊர் விரிகிறது. 1961 முதல் 1964 வரையுள்ள பகுதிகளுக்கு அதை ஒத்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகு எனக்கு ஒப்பில்லை.

டில்லனின் உதவியாளர்களில் யார் உசத்தி, செஸ்டரா, ஃபெஸ்டஸா என்ற கிளை வழக்கும் இதோடு ஒட்டியதுதான். ஒரு காலை விறைப்பாக வைத்து நொண்டி நடக்கும் செஸ்டராக டென்னிஸ் வீவர் 1964 வரை இருந்தார். பின்னால் கென் கர்ட்டிஸின் ஃபெஸ்டஸ், ரூத் என்கிற கோவேறு கழுதையோடு. செஸ்டர் மார்ஷலின் நிழல். ஃபெஸ்டஸோ தன்னந்தனியாக ஒரு கதையைத் தாங்கக்கூடியவர். நீண்ட பகுதிகளுக்கு அப்படிப்பட்ட ஆள்தான் தேவைப்பட்டார்.

வண்ணம் என்றதும் இன்னொரு கௌபாய் தொடரான 'பொனான்ஸா' நினைவுக்கு வரும். என்பிசியில் 1959 முதல் 1973 வரை. முதல் பகுதியிலிருந்தே வண்ணம், அதற்குக் காரணம் கலை மட்டுமல்ல. என்பிசியின் சொந்தக்காரர் ஆர்சிஏ நிறுவனம். ஆர்சிஏ விற்றுக்கொண்டிருந்தது வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி. கடையில் பெட்டியை ஓடவிட்டால் பார்ப்பவர் வாய் பிளக்க வேண்டும், அதற்கு டாஹோ ஏரியும் பைன் மரமும் உதவின. ஆனால் அந்தத் தொடரின் நாயகர்களான கார்ட்ரைட் குடும்பத்து வீட்டின் வெளிப்புறம் பாரமவுண்ட் ஸ்டூடியோவின் கூரைக்கு அடியில் கட்டப்பட்ட அரங்கம். கண்டுபிடிப்பது சுலபம். வெளியில் ஒரே சூரியன், ஆளுக்கு ஒரே நிழல். அரங்கத்தில் பல விளக்குகள், ஒரே ஆளுக்கு இரண்டு மூன்று நிழல் எதிரெதிர்த் திசையில் விழும். பேச்சிலும் மெல்லிய எதிரொலி இருக்கும்; திறந்தவெளியில் எதிரொலி ஏது?

அந்தக் குடும்பத்து அப்பாவும் மூன்று மகன்களும் வருடக்கணக்கில் ஒரே உடையில் வருவதைக் கேலி செய்கிறவர்கள் உண்டு. ஹாஸுக்கு அந்தப் பெரிய வெள்ளைத் தொப்பி, லிட்டில் ஜோவுக்குப் பச்சை ஜாக்கெட். உடை மாறாவிட்டால், ஒரு முறை எடுத்த குதிரைச் சவாரிக் காட்சியை எந்தப் பகுதியிலும் ஒட்டிக்கொள்ளலாம். சிக்கனம்தான்.

துப்பாக்கி ஆராய்ச்சி செய்யும் ரசிகர்கள் தனி இனம். இவர்களோடு வாதாடி ஜெயிக்க முடியாது. 'தி ரைஃபிள்மேன்' தொடரில் சக் கானர்ஸ் வைத்திருப்பது 1892ஆம் ஆண்டு மாதிரி வின்செஸ்டர். கதை நடப்பதோ 1880களில். அந்தத் துப்பாக்கியில் ஒரு திருகு பொருத்தியிருப்பார்கள். நெம்புகோலை மூடும்போதே திருகு விசையைத் தள்ளிவிடும், விரல் வேண்டாம். அதனால்தான் அந்த வேகம். 'வாண்டட்: டெட் ஆர் அலைவ்' தொடரில் ஸ்டீவ் மக்வீனிடம் இருப்பதும் அதே வின்செஸ்டர்தான், குழலையும் கட்டையையும் வெட்டிக் குறுக்கியது. அவர் இடுப்புப் பட்டையில் பளபளக்கும் தோட்டாக்கள் .45-70 வகை. அந்தத் துப்பாக்கிக்குள் அவை நுழையவே நுழையாது. திரையில் பெரிதாகத் தெரிய வேண்டும் என்பதற்காகச் செருகியவை.

படப்பிடிப்பில் வெடித்தவை பெரும்பாலும் 'ஃபைவ் இன் ஒன்' என்ற வெற்றுத் தோட்டாக்கள். .38-40, .44-40 இரண்டிலும் கைத்துப்பாக்கிக்கும் நீள்துப்பாக்கிக்கும் பொருந்தும், .45 கோல்ட் கைத்துப்பாக்கிக்கும் பொருந்தும், ஆக ஐந்து. ஒரே பெட்டியை வைத்து எல்லா நடிகர்களுக்கும் நிரப்பிவிடலாம். வேகமாக உருவுவதற்கு ஆர்வோ ஓஜாலா செய்த உறை உதவியது. உள்ளே உலோகத் தகடு இருப்பதால் தோல் அழுத்தாது, துப்பாக்கி உறைக்குள் இருக்கும்போதே தோட்டா உருளை சுழலும், சுத்தியலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டே உருவலாம். 'கன்ஸ்மோக்'கின் தொடக்கக் காட்சியில் டில்லனுக்கு எதிரே நின்று வாராவாரம் செத்தவர் இதே ஓஜாலாதான்.

இவையெல்லாம் சுவையான குறைகள். கசப்பான குறைகளும் உண்டு. பூர்வகுடி வேடங்களை வெள்ளை நடிகர்களுக்கு மையைப் பூசிக் கொடுத்தார்கள். மோஹாக் இனத்தவரான ஜே சில்வர்ஹீல்ஸ், 'லோன் ரேஞ்சர்' தொடரில் நாயகனின் தோழன் டோன்டோவாக வந்தது அபூர்வம். அவருக்கும் உடைந்த ஆங்கிலம்தான் எழுதித் தந்தார்கள். உண்மையான மாடோட்டிகளில் கறுப்பர்களும் மெக்சிகர்களும் ஏராளம், திரையில் அவர்களைத் தேட வேண்டும். நல்ல ரசிகர்கள் இதை மறைப்பதில்லை.

புதிதாகப் பார்க்கிறவர்களுக்குச் சில நடைமுறை யோசனைகள். முதலில் ஓடும் நேரத்தைப் பாருங்கள். அரை மணிப் பகுதி 25, 26 நிமிடம் இருந்தால் முழுசு. 22 நிமிடம் என்றால் கூடுதல் விளம்பரத்துக்காக வெட்டியிருக்கிறார்கள். வெட்டு பெரும்பாலும் மௌனங்களில்தான் விழும், மெஸ்டனின் கதையில் மௌனம் போனால் பாதி போயிற்று. அடுத்து, வண்டிச் சக்கரத்தைப் பாருங்கள். நிற்கிற வண்டியைப் பக்கவாட்டில் காட்டும்போது சக்கரம் முட்டை வடிவில் தெரிந்தால் படம் இழுபட்டிருக்கிறது, பெட்டியில் 4:3 அளவுக்கு மாற்றுங்கள். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும், வரட்டும். திரை நிறைய வேண்டுமென்று பெரிதாக்கினால் தொப்பியும் காலும் வெட்டுப்படும். அசைவை மென்மையாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். நொடிக்கு 24 சட்டம் (ஃபிரேம்) எடுத்த படம், இடையில் பெட்டி புதுச் சட்டங்களைச் செருகினால் வீடியோ நாடாவில் எடுத்த நாடகம் போல ஆகிவிடும்.

சக்கரம் பின்னோக்கிச் சுழல்வது மட்டும் கோளாறு அல்ல. பன்னிரண்டு ஆரக்கால் உள்ள சக்கரம், ஒரு சட்டத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் பன்னிரண்டில் ஒரு பங்கைவிடக் கொஞ்சம் குறைவாகச் சுழன்றால், ஒவ்வொரு ஆரமும் முன்னது இருந்த இடத்துக்குச் சற்றே பின்னால் வந்து நிற்கும். கண் அதைப் பின்னோட்டமாக எடுத்துக்கொள்கிறது.

கடைசியாக, ரசிகர்கள் இன்னும் மன்னிக்காத விஷயம். மாட் டில்லனும் லாங் பிராஞ்ச் மதுக்கூடத்து மிஸ் கிட்டியும் ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை? மார்ஷல் குடும்பஸ்தர் ஆகிவிட்டால் வாராவாரம் உயிரைப் பணயம் வைக்க முடியாது, கதை நின்றுவிடும். தயாரிப்பாளர்கள் பக்கம் அதுதான் நியாயம். கிட்டியாக நடித்த அமண்டா பிளேக் 1974இல் தொடரைவிட்டுப் போனார். மறு வருடம் தொடரே போயிற்று. 1967இல் ஒரு முறை நிறுத்த முடிவெடுத்து, எதிர்ப்புக் கிளம்ப, சிபிஎஸ் தலைவர் வில்லியம் பேலி திருப்பிக் கொண்டுவந்தார். அதற்கு இடம் விட்டு வெளியேறியது 'கில்லிகன்ஸ் ஐலண்ட்'. 1975இல் அப்படி யாரும் வரவில்லை. விளம்பரதாரர்கள் தேடியது நகரத்து இளம் பார்வையாளர்களை. நிறைவுப் பகுதி என்று ஒன்று எடுக்கவும் இல்லை, 1975 மார்ச் 31 அன்று வழக்கமான ஒரு கதை ஓடியது, அவ்வளவுதான். அந்தத் திங்கட்கிழமை நேரத்தை 'ரோடா', 'ஃபிலிஸ்' என்ற இரண்டு நகைச்சுவைத் தொடர்கள் எடுத்துக்கொண்டன.

நன்றி, வணக்கம்.