கால்கட்டு

(உலக மனநல நாளையொட்டித் திருமங்கலத்தில் ஒரு வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும் பின்வரிசையில் நிற்கிற பிள்ளைகளுக்கும் வணக்கம்.

நோட்டீஸில் என்னைப் ‘பணி நிறைவு பெற்ற தமிழாசிரியை’ என்று போட்டிருக்கிறார்கள். நான் பேச வந்தது அந்தத் தகுதியில் இல்லை. முப்பது வருஷமாக மனநோய் உள்ள ஒருவனுக்கு அக்காவாக இருக்கிறேன், அந்தத் தகுதியில். தம்பியிடம் கேட்டுவிட்டுத்தான் வந்தேன். “பேரச் சொல்லாத, மத்ததெல்லாம் சொல்லு” என்றான்.

கல்யாணத்துக்கு நம் பக்கம் ஒரு பேர் உண்டு, கால்கட்டு. ஊர் சுற்றுகிறவனா, குடிக்கிறவனா, பித்துப் பிடித்தாற்போல் உட்கார்ந்திருக்கிறவனா, எல்லாருக்கும் பெரியவர்கள் எழுதிக் கொடுக்கிற சீட்டு ஒன்றுதான்: “ஒரு கால்கட்டப் போட்டு விடுங்க, சரியாப் போயிரும்.” நாங்களும் அந்தச் சீட்டைத்தான் வாங்கினோம்.

தம்பி அப்போது பாலிடெக்னிக் முடித்திருந்தான், இருபத்தொரு வயது. முதலில் தூக்கம் போனது. பிறகு வீட்டுக் குடத்துத் தண்ணீரைத் தொட மாட்டான். தெருவில் அடிகுழாயைத் தானே அடித்துக் குடிப்பான். ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வருகிறேன், ரேடியோவைக் கழற்றிப் பாயில் பரப்பியிருக்கிறான். திருகாணிகளையெல்லாம் தேங்காய்ச் சிரட்டையில் போட்டு, ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தான். “செய்தி வாசிக்கிறவ என்னயப் பத்தியே பேசுறாக்கா. எங்கிட்டிருந்து பேசுறான்னு பாக்குறேன்.” கோபமே இல்லை அந்த முகத்தில். பயம்தான் இருந்தது.

அப்பத்தா பாண்டி கோயிலுக்குக் கூட்டிப் போனது. கோடாங்கி வந்து உடுக்கடித்தார், காத்துக் கருப்பு என்றார். கோயிலைக் குறை சொல்ல மாட்டேன், அங்கே போய் வந்த நாட்களில்தான் எங்கம்மா சோறு தின்றாள். ஒன்றரை வருஷம் போனதைத் தவிர எங்களுக்கு அதில் வேறு நஷ்டமில்லை. மதுரை கோரிப்பாளையத்தில் தர்காவுக்கும் அரசாங்கப் பெரியாஸ்பத்திரிக்கும் கூப்பிடு தூரம். தர்காவில் தாயத்துக் கட்டிக்கொண்டு திரும்புகிறவர்கள் அந்தக் கொஞ்ச தூரத்தைக் கடக்கச் சில வீடுகளில் வருஷக்கணக்காகிறது.

தமிழாசிரியை என்பதால் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். சங்கப் பாட்டுகளில் வெறியாட்டு என்று ஒரு துறை வரும். மகள் மெலிகிறாள், வளை கழலுகிறது. முருகு அணங்கியது, அதாவது முருகன் பிடித்துவிட்டான் என்று தாய் பூசாரி வேலனைக் கூப்பிடுகிறாள். அவன் குறி பார்க்கக் கழங்கு உருட்டுகிறான், ஆட்டுக்குட்டியை அறுக்கிறான், விடிய விடிய ஆடுகிறான். நோய் காதல்தான் என்று தோழிக்குத் தெரியும், அவள் சிரிக்கிறாள். இதைப் பிள்ளைகளுக்கு நடத்தும்போது நானும் சிரித்துத்தான் நடத்தினேன். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் உடுக்குச் சத்தம்.

தை மாதம் கல்யாணம். பெண் பேரையூர்ப் பக்கம். “பையன் பேசவே மாட்டேங்குறாரே” என்று அவர்கள் கேட்டபோது, “கூச்ச சுபாவம்” என்று சொன்னது நான்தான். பொய் சொல்லக் கூடாது என்று வகுப்பில் நாள் தவறாமல் சொல்லுகிற வாய்.

அவள் ஆக்கிய சோற்றை அவன் தொடவில்லை. குடத்துத் தண்ணீர் மேல் இருந்த சந்தேகம் சோற்றுக்கும் வந்துவிட்டது. அந்தப் பிள்ளை என்ன செய்தாள் தெரியுமா? தினமும் அவன் கண் முன்னால் முதல் வாயைத் தான் அள்ளித் தின்று காட்டிவிட்டு, பிறகு அவன் தட்டைத் தள்ளி வைப்பாள். “ஆஸ்பத்திரிக்குப் போவோம் மதினி” என்று எங்கள் வீட்டில் முதலில் சொன்னதும் அவள்தான். நாங்கள் காதில் வாங்கவில்லை. எட்டாவது மாதம் அவளுடைய அண்ணன் வந்து கூட்டிப் போனார். நகையும் சீரும் திருப்பிக் கொடுத்தோம். பித்தளை அண்டா மட்டும் வண்டியில் ஏறவில்லை. பிறகு கொடுத்தனுப்பலாம் என்று மாடியில் வைத்தோம்.

கால்கட்டு என்கிற சொல்லை அதற்குப் பிறகு என்னால் சாதாரணமாகக் கேட்க முடிந்ததில்லை. 2001 ஆகஸ்ட் 6, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. விடிவதற்கு முன் ஒரு தனியார் காப்பகத்தின் கீற்றுக் கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியில் கிடந்தார்கள், ஓட முடியவில்லை. 28 பேர் செத்துப்போனார்கள். அவர்களை வீட்டார்தான் கொண்டு வந்து விட்டிருந்தார்கள், குணமாகட்டும் என்றுதான். எங்கள் தம்பிக்கு நாங்கள் போட்டதும் குணமாகட்டும் என்றுதான். அவர்கள் இரும்பில் போட்டார்கள், நாங்கள் மஞ்சள் கயிற்றில் போட்டோம். அதுவும் அவன் காலில் இல்லை, அந்தப் பெண் கழுத்தில்.

இன்றைக்குச் சட்டம் இருக்கிறது. 2017-இல் இயற்றி 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியால் பிணைக்கக் கூடாது என்கிறது. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகத்தான் கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. கல்யாண விஷயத்துக்கு 1955-ஆம் வருஷத்து இந்துத் திருமணச் சட்டமே போதும்: முக்கியமான சங்கதியை மறைத்துச் சம்மதம் வாங்கிய கல்யாணத்தைக் கோர்ட் ரத்து செய்யலாம். மனநோய் வந்தவர்கள் கல்யாணமே செய்யக் கூடாதா என்று ஒரு தங்கச்சி சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறாள். தாராளமாகச் செய்யலாம். வைத்தியம் பார்த்து நிலைக்கு வந்து, எதிர்வீட்டாரிடம் எல்லாவற்றையும் சொல்லி, அவர்கள் சரி என்றால் செய்யலாம். கல்யாணத்தையே வைத்தியமாக்குவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

கடைசியில் தம்பியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். நோய்க்குப் பேர் மனச்சிதைவு. மூளையில் டோபமைன் என்கிற ரசாயனத்தின் வேலையை மட்டுப்படுத்துகிற மாத்திரை கொடுத்தார்கள். இந்த வகை மருந்து புழக்கத்துக்கு வந்ததே 1952-இல்தான். எங்க தாத்தா காலத்து மனிதர்களுக்கு இது கிடைக்கவில்லை. ஒரு மாதத்தில் தண்ணீர் குடித்தான், குடத்திலிருந்து. ஆனால் கை நடுங்கியது, டீ கிளாஸைப் பிடித்தால் பாதி வேட்டியில்தான். அதை டாக்டரிடம் சொன்னால் அளவை மாற்றுவார், வேறு மாத்திரை சேர்ப்பார். நாங்கள் சொல்லாமல் மருந்தையே நிறுத்தினோம். நல்லாத்தானே இருக்கான், இன்னும் எதுக்கு மாத்திரை என்று அம்மாவுக்கு எண்ணம். மூன்றாம் மாதம் ரேடியோ மறுபடியும் பாய்க்கு வந்தது.

சர்க்கரைக்கு மாத்திரை போடுகிற மாதிரிதான் என்று மேடைக்கு மேடை சொல்கிறார்கள். எனக்கு அந்த உவமையில் ஒரு மனத்தாங்கல். டீக்கடையில் நின்று “எனக்கு முந்நூறு, ஒனக்கு எவ்வளவு?” என்று பெருமையாகக் கேட்டுக்கொள்கிறோமே, மனநோய் மாத்திரையை யாராவது அப்படிச் சொல்லியிருக்கிறார்களா? 2015-16-இல் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் நடத்திய தேசியக் கணக்கெடுப்பில் பெரியவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதோவொரு மனநலக் கோளாறு இருந்தது. இந்தக் கூடத்தில் நூறு நாற்காலி போட்டிருக்கிறார்கள். ஒருத்தரும் கை தூக்க மாட்டீர்கள். தூக்கச் சொல்லவும் மாட்டேன்.

மனசு சரியில்லை என்றால் கூப்பிட 14416 என்று ஒரு நம்பர், காசு கிடையாது, தமிழில் பேசலாம், ராத்திரியும் எடுப்பார்கள். குறித்துக்கொள்ளுங்கள். பெரியாஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது.

தம்பி இப்போது ஒரு அச்சகத்தில் நோட்டுத் தைக்கிறான். இரண்டு வருஷம் முன்னால் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன், கூட மறுமணத்தில் பிறந்த பையன், நெடுநெடுவென்று வளர்ந்திருந்தான். ஒளிந்துகொள்ளலாமா என்று பார்த்தேன். அதற்குள் அவளே வந்து கையைப் பிடித்தாள். “மாத்திர ஒழுங்காப் போடுறாகளா மதினி?” போடுகிறான் என்றேன். மன்னிப்பு என்று ஆரம்பித்தேன், கண்டக்டர் விசில் அடித்துவிட்டார். படியில் ஏறிக்கொண்டே திரும்பிச் சிரித்தாள்: “அந்த அண்டா இன்னும் அங்கிட்டுத்தான் கெடக்கா?”

வீட்டில் வந்து சொன்னேன். தம்பி ஒன்றும் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாடியிலிருந்து அதை உருட்டி இறக்கி, புளி போட்டு விளக்கி வைத்தான். பேரையூர் பஸ்ஸில் அண்டாவை ஏற்ற விடுவார்களா என்று இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.