சிவப்புப் பட்டை அம்மாக்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

பெய்ஜிங்கில் பெரிய மாநாடு ஏதாவது நடந்தால் தெருமுனையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் வயதான அம்மாக்களைப் பார்க்கலாம். கையில் சிவப்புப் பட்டை கட்டியிருப்பார்கள். போலீஸ் அல்ல, அக்கம்பக்கத்துக்காரர்கள்தான். தெருவுக்கு யார் புதுசு, எந்த வீட்டில் வேளைகெட்ட வேளையில் ஆள் நடமாட்டம் என்று கவனிப்பது இவர்கள் பொறுப்பு. பெய்ஜிங்கின் சாவ்யாங் வட்டாரத்தில் நடிகர்களும் பாடகர்களும் போதைப்பொருளோடு சிக்கும்போது, "சாவ்யாங் மக்கள் துப்புக் கொடுத்தார்கள்" என்று போலீஸ் அறிவிக்கும். சீன இளைஞர்கள் இவர்களை சிஐஏவோடு வரிசைப்படுத்திக் கேலி செய்வார்கள். அந்தக் கேலியில் கொஞ்சம் பெருமையும் உண்டு, கொஞ்சம் பயமும் உண்டு.

போலீஸ் தனி, ஊர்க்கட்டுப்பாடு தனி என்று பிரித்துப் பார்த்தால் சீனா பிடிபடாது. 11ஆம் நூற்றாண்டிலேயே அமைச்சர் வாங் அன்ஷி வீடுகளைத் தொகுதிகளாகச் சேர்த்து, ஒருவர் செய்த குற்றத்தை மறைத்தால் மற்றவர்களுக்கும் தண்டனை என்று வைத்தார். 1954இல், அக்கம்பக்க விவகாரங்களைக் கவனிக்கும் நகரக் குடியிருப்போர் குழுக்களுக்குச் சட்டம் வந்தது. 1963இல் செஜியாங் மாகாணத்து ஃபெங்சியாவோவில் பிரச்சினையை மேலே அனுப்பாமல் ஊர் மக்களை வைத்தே தீர்த்ததை மாவோ மெச்சினார். இன்றைய அரசும் அதை முன்மாதிரியாகச் சொல்கிறது. அன்று அங்கே ஊர் கூடித் 'திருத்திய' ஆட்கள், பழைய நிலச்சுவான்தார்கள் போன்ற 'வர்க்க எதிரிகள்' என்பதை மட்டும் இப்போது யாரும் அதிகம் பேசுவதில்லை.

சரி, மக்கள் என்ன நினைக்கிறார்கள்? சில்லறைத் தகராறுக்குக் கோர்ட் படி ஏறுவது மானக்கேடு, குழுவில் பேசி முடிப்பதே மேல் என்ற எண்ணம் பழையது. வழக்கே எழாமல் செய்வதுதான் முக்கியம் என்றார் கன்ஃபூசியஸ். அதே மக்கள் பெரிய குற்றம் என்று வந்துவிட்டால் இரக்கம் காட்டுவதில்லை. மரண தண்டனைக்கு அங்கே இன்றும் பரவலான ஆதரவு உண்டு.

இந்தப் பேசித் தீர்க்கும் முறை இடறுவது வீட்டுக்குள்தான். நேர்மையான அதிகாரியாலும் குடும்ப வழக்கைத் தீர்க்க முடியாது என்று அங்கே ஒரு பழமொழி. புருஷன் அடித்தாலும் சமரசம் பேசி அனுப்பிவிடுவதற்கு இது வசதியான சாக்கு. 2016 மார்ச்சில்தான் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அடித்தவருக்குப் போலீஸ் எழுத்தில் எச்சரிக்கை கொடுக்கலாம். கொடுத்தால் குடியிருப்போர் குழுவுக்கும் தெரிவிக்க வேண்டும். குழு அந்த வீட்டுக்குப் போய்ப் பார்த்துவர வேண்டும். மிரட்டலுக்குப் பயந்து அந்தப் பெண் கோர்ட்டுக்குப் போக முடியாவிட்டால், அவருக்காகப் பாதுகாப்பு உத்தரவு கேட்டு அந்தக் குழுவே மனுப் போடலாம்.